இன்னொருவர் பெயரில் இருக்கும் கோப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மாப்பிள்ளையின் பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதியனுப்பிய குறிப்பை நிதானமாகப் படித்தேன். அந்த அம்மாள் தன் தாத்தாவின் அப்பா வரைக்கும் பெயர் சொல்லியிருக்கிறார். அதற்கு அப்பால், அமெரிக்காவின் வட கரோலைனாவில் வில்சன் பக்கம் ஒரு பண்ணையில் அடிமைகளாக இருந்தார்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. குழந்தை வளர்ந்து கேட்கும்போது அம்மா வழியில் சொல்ல இத்தனை இருக்கிறது, அப்பா வழியில் அதற்கு மேல் ஒரு பெயர்கூட இல்லை என்று ஆகிவிடக் கூடாது, கவுண்டி நீதிமன்றத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். கிடைக்கும். ஆனால் எங்கே, எப்படி, எந்த மனநிலையோடு தேட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போ. ஒரு பொது நூலகத்தில் உள்ளூர் வரலாற்று அறையைக் கவனித்துக்கொண்ட வருடங்களில், தங்கள் குடும்பப் பெயரை அட்டவணையில் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாள் அங்கேயே இருந்திருக்கும். அது வேறொரு பெயரின் கீழ் இருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது முக்கியமாக இது ஒன்றுதான். மாப்பிள்ளையின் முன்னோர்களைப் பற்றிய காகிதம் அவர்களை உடைமையாக வைத்திருந்தவனின் கோப்பில் இருக்கிறது. அந்த ஆள் யார் என்று கண்டுபிடி. பிறகு அவன் இறந்தபோது நீதிமன்றத்தில் சேர்ந்த காகிதங்களை ஒரு தாள் விடாமல் படி.

ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்பாய். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1870-ல்தான் நடந்தது. 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே ஒவ்வொருவருக்கும் வயது, ஆணா பெண்ணா, என்ன நிறம் என்று மட்டும் எழுதியிருக்கும். மிகச் சில இடங்களைத் தவிர எங்கும் பெயர் எழுதவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் சொத்து. சொத்தைப் பெயர் சொல்லி எண்ண வேண்டிய கட்டாயம் எப்போது வந்தது? உடைமையாளன் செத்தபோது வந்தது. கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்குள் தகராறு வரக் கூடாது. அதற்காக ஒவ்வொருவரையும் பெயரோடு எழுதி, விலை மதித்து, கையெழுத்திட்டு, நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். குடும்பங்கள் சிதறிய நாளும் அதுதான், அந்தக் குடும்பங்களின் பெயர்கள் காகிதத்தில் ஏறிய நாளும் அதுதான்.

இது நடக்குமா என்று உனக்குச் சந்தேகம் வந்தால் மெல்வினியாவை நினைத்துக்கொள். மிஷெல் ஒபாமாவின் அம்மா வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டி அவர். தென் கரோலைனாவில், ஸ்பார்ட்டன்பர்க் பக்கத்தில் டேவிட் பேட்டர்சன் என்ற பண்ணைக்காரர் 1850-ல் உயில் எழுதினார். அதில் மெல்வினியா என்ற சிறுமியும் பங்கு வைக்கப்பட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயதிருக்கும். 1852-ல் பேட்டர்சன் இறந்ததும் எடுத்த சொத்துப் பட்டியலில் அவளுக்கு 475 டாலர் விலை போட்டிருக்கிறார்கள். பிறகு அவள் ஜார்ஜியாவில் இருந்த அவருடைய மகள் வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு டால்ஃபஸ் என்று ஒரு மகன் பிறக்கிறான். விடுதலைக்குப் பிறகு வெகுகாலம் வாழ்ந்து 1938-ல் மெல்வினியா இறந்தபோது, இறப்புச் சான்றிதழில் தாய் தந்தை பெயர் கேட்ட இடத்தில் தெரியாது என்று எழுதினார்கள். வம்சாவளி ஆய்வாளர் மெகன் ஸ்மோலென்யாக்கும் பத்திரிகையாளர் ரேச்சல் ஸ்வார்ன்ஸும் 2009-ல் இந்த வழியை உலகுக்குச் சொன்னார்கள். ஒரு நாட்டின் முதல் பெண்மணியின் குடும்பக் கதையைத் திறந்த தாள், ராட்டையும் அரிவாளும் மேஜைவிரிப்பும் மாடும் எழுதிய அந்த உயில்தான். அவள் பெயரிலான கோப்பு ஒன்றும் அப்போது இருக்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

உன் விஷயத்தில் முதல் முடிச்சு இடம். வில்சன் கவுண்டி 1855-ல்தான் உருவானது. எட்ஜ்கோம்ப், நாஷ், ஜான்ஸ்டன், வேய்ன் என்ற நான்கு கவுண்டிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் வெட்டி எடுத்துச் சேர்த்த நிலம் அது. குடும்பம் ஒரே வயலில் அசையாமல் இருந்திருந்தாலும் 1855-க்கு முன் அவர்களைப் பற்றிய காகிதம் அந்த நான்கில் ஒன்றில் இருக்கும். ஆகவே கவுண்டிகள் எந்த வருடம் எதிலிருந்து பிரிந்தன என்ற பட்டியலையும் பழைய வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பி. நம் ஊரிலும் தாலுகா பிரிந்தால் பழைய பத்திரத்துக்கு எந்தப் பதிவு அலுவலகத்துக்குப் போவது என்று அலைகிறோமே, அதே சிக்கல்தான்.

அடுத்தது, எந்த நீதிமன்றம் என்பது. மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். நியூயார்க்கில் சரகேட் நீதிமன்றம், பென்சில்வேனியாவில் உயில் பதிவாளரும் அநாதைகள் நீதிமன்றமும், ஜார்ஜியாவில் முன்பு ஆர்டினரி நீதிமன்றம் என்று போகும். லூயிசியானாவில் கவுண்டியே கிடையாது, பாரிஷ்தான். உனக்கு வேண்டிய வட கரோலைனாவில் 1868 வரை காலாண்டுக்கு ஒருமுறை கூடிய கவுண்டி நீதிமன்றம் இந்த வேலையைப் பார்த்தது. அதன் பிறகு மேல் நீதிமன்ற கிளார்க் பார்க்கிறார். இதில் உனக்கு ஒரு வசதி உண்டு. அந்த மாநிலத்தின் பழைய மூலக் காகிதங்களில் பெரும்பகுதியைத் தலைநகர் ராலியில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோய், கவுண்டி வாரியாக, இறந்தவர் பெயர் வாரியாக உறைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1663-லிருந்து 1979 வரையிலான அந்தக் கோப்புகளின் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கைக்குழந்தையோடு நீ இப்போதைக்கு எங்கும் அலைய வேண்டாம். குழந்தை தூங்கும் நேரத்தில் வீட்டிலேயே தொடங்கலாம்.

உயில் புத்தகத்துக்கும் இந்த உறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள். பெரிய தடிமனான உயில் புத்தகம் என்பது கிளார்க் பார்த்து எழுதிய நகல். உறையில் இருப்பவைதான் மூலத் தாள்கள். ரசீது, கடன் சீட்டு, ஏலக் கணக்கு, மனு, துண்டுக் காகிதம் எல்லாம் அதில் கிடக்கும். பெரும்பாலோர் உயிலைப் படித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உயில், செத்தவன் என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தான் என்பதைச் சொல்லும். என்ன நடந்தது என்பதை அந்தத் துண்டுக் காகிதங்கள்தான் சொல்லும்.

உயிலே இல்லை என்று தெரிந்தாலும் சோர்ந்து போகாதே. உயில் எழுதாமல் செத்தவர்கள்தான் அதிகம். வக்கீல் தொழில் செய்த ஆபிரகாம் லிங்கனே 1865-ல் உயில் எழுதாமல்தான் போனார். இலினாயில் சாங்கமன் கவுண்டி நீதிமன்றத்தின் வழியாக டேவிட் டேவிஸ் என்பவர் நிர்வாகியாக இருந்து, சுமார் 1,10,000 டாலரை மனைவிக்கும் உயிரோடிருந்த இரண்டு மகன்களுக்கும் மூன்று பங்காகப் பிரித்துக் கொடுத்தார். உயில் இல்லாத இடத்தில் சட்டம் புகுந்து ஒவ்வொரு வாரிசையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதனால் காகிதமும் கூடுதலாகச் சேர்கிறது.

உறையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நிர்வாகி எழுதிக்கொடுத்த பிணைப்பத்திரம். அதில் ஜாமீன் போட்டவர்கள் யார் என்று பார். மைத்துனன், மாமனார், பக்கத்துப் பண்ணைக்காரன் என்று நெருங்கியவர்களே இருப்பார்கள். பிற்பாடு ஏலத்தில் ஆட்களை வாங்கியவர்கள் பட்டியலில் அதே பெயர்களைத் திரும்பவும் பார்ப்பாய். அடுத்தது சொத்துப் பட்டியல். சொத்தில் பங்கில்லாத சில பேரை நீதிமன்றம் நியமிக்கும். அவர்கள் வீட்டுக்குள்ளும் களத்திலும் தொழுவத்திலும் நடந்து நடந்து எழுதுவார்கள். கலப்பை, இறகு மெத்தை, செப்புப் பானை, பால்மாடு என்று வந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவில் ஒரு பெண் பெயர் வரும், எதிரே ஒரு விலை இருக்கும்.

பாப்பா, முதல் தடவை அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். அடைக்கட்டும். எழுந்து போய்க் குழந்தையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு வா. வந்ததும் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து மெதுவாகப் படி. பெயர்களின் வரிசையைக் கவனி. ஒரு பெண் பெயரைத் தொடர்ந்து குறைந்துகொண்டே போகும் விலையில் சிறு பெயர்கள் வந்தால் அவை அவளுடைய பிள்ளைகளாக இருக்கலாம். சில பட்டியலில் தாயையும் கைக்குழந்தையையும் ஒரே விலையில் சேர்த்தே எழுதியிருப்பார்கள். வயது முதிர்ந்தவர்களுக்கு எதிரே பல சமயம் விலையே இருக்காது, சுழி போட்டிருக்கும். அந்தச் சுழிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் உனக்கு மிக முக்கியமான பெயராக இருக்கக் கூடும். அடுத்த தலைமுறைப் பேரப்பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்களா என்று 1870 கணக்கெடுப்பில் போய்ப் பார்.

பட்டியலோடு நிறுத்தாதே. விதவைக்கு ஓராண்டுச் சாப்பாட்டுக்கு என்று சோளம், உப்புக்கண்டம், காப்பி, சர்க்கரை ஒதுக்கிய தாள் இருக்கும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு ஆயுள் வரை என்று அளந்து விட்ட வரைபடம்கூட சில உறைகளில் இருக்கும். அவற்றை விரைவாகப் பார்த்தால் போதும். உனக்கு வேண்டியவை மூன்று தாள்கள்: ஏலக் கணக்கு, குத்தகைக் கணக்கு, பாகப்பிரிவினை அறிக்கை.

ஏலக் கணக்கில் எந்தப் பொருளை, எந்த ஆளை, யார் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று இருக்கும். வாங்கியவனின் பெயரை எழுதிக்கொள். அவனும் ஒருநாள் சாவான், அவனுக்கும் ஒரு உறை இருக்கும். குத்தகைக் கணக்கு என்று நான் சொல்வது இது. பிள்ளைகள் வயதுக்கு வரும்வரை சொத்தைப் பிரிக்காமல் கார்டியன் பொறுப்பில் வைத்திருப்பார்கள். அந்த வருடங்களில் அடிமைகளை ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். யாரை, யாரிடம், எவ்வளவுக்கு என்று வருடாவருடம் நீதிமன்றத்தில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஒரே மனிதரை ஒன்றன்பின் ஒன்றாகப் பல வருடங்கள் தொடர்ந்து பார்க்க முடிகிற இடம் இது. கைக்குழந்தை வைத்திருந்த பெண்ணை வாடகைக்கு எடுக்க ஆள் வராது. அவளையும் பிள்ளைகளையும் வைத்துச் சோறு போடக் குறைந்த தொகை கேட்டவனிடம், இறந்தவனின் சொத்திலிருந்து பணம் கொடுத்து அனுப்புவார்கள். போன வருடம் ஒரு குழந்தையோடு என்று எழுதியிருந்தது இந்த வருடம் இரண்டு குழந்தைகளோடு என்று மாறியிருந்தால், நீ ஒரு பிறப்பைக் கண்டுபிடித்துவிட்டாய். அவர்களுக்கு வேறு பிறப்புப் பதிவு கிடையாது. மருத்துவச்சிக்குக் கொடுத்த கூலி, செருப்பு வாங்கிய செலவு, சவப்பெட்டி செய்த தச்சனுக்குக் கொடுத்த காசு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கார்டியன் கணக்குகளைப் பொறுமையோடு படிக்கிற ஆள் குறைவு. நீ படி.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காகிதங்களில் பிள்ளைகளை அநாதைகள் என்று எழுதியிருந்தால் தாயும் செத்துவிட்டாள் என்று முடிவு கட்டாதே. தந்தை இறந்தாலே அப்படித்தான் எழுதினார்கள்.

பாகப்பிரிவினை அறிக்கைதான் இந்தக் காகிதங்களிலேயே கொடியது. நீதிமன்றம் நியமித்த ஆட்கள் பண்ணைக்கு வந்து, மனிதர்களைச் சம விலை வருகிற மாதிரி கூறு கூறாகப் பிரிப்பார்கள். முதல் கூறு இன்ன மகனுக்கு, இரண்டாவது கூறு இன்ன மகளுக்கு என்று சீட்டுப் போட்டு விழும். விலை சரியாக வராவிட்டால் ஒரு கூறு இன்னொரு கூறுக்கு இத்தனை டாலர் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். தாய் ஒரு கூறிலும் பத்து வயது மகன் இன்னொரு கூறிலும் இருப்பார்கள். ஆனால் அண்ணன் தம்பி அக்கா தங்கை யார் யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரிந்துகொள்ள உனக்கு இருக்கிற நேர்ச் சாட்சி இந்தத் தாள்தான். அந்த மகள் கல்யாணமாகி டென்னசிக்கோ அலபாமாவுக்கோ போயிருந்தால் அவள் கூறில் விழுந்தவர்களும் அங்கே போயிருப்பார்கள். வட கரோலைனாவில் பிறந்தவர் என்று 1870-ல் அலபாமாவில் ஒருவர் எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் இப்படி ஒரு சீட்டாக இருக்கலாம்.

உடைமையாளனின் சொந்தக் கோப்பில் எதுவும் கிடைக்காவிட்டால் அவன் மனைவி வழியைப் பார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மகளுக்குச் சீதனமாகவும் பங்காகவும் அடிமைகளைக் கொடுப்பது அங்கே வழக்கம். மருமகனின் கடன்காரர்கள் கை வைக்காமல் இருக்க, மகளுக்கு ஆயுள் வரை இரவலாகக் கொடுக்கிறேன், அவளுக்குப் பின் அவள் பிள்ளைகளுக்கு என்று உயிலில் எழுதுவார்கள். அதனால் அவளுடைய அப்பாவின் உறை, அவளுக்கு முதல் கணவன் ஒருவன் இருந்திருந்தால் அவனுடைய உறை, இரண்டையும் திறக்க வேண்டும்.

இதற்கு ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டைவிடத் தெளிவான சான்று இல்லை. 1799-ல் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர்தான் அவருக்குச் சொந்தம். தன் உயிலில் அவர்களுடைய விடுதலைக்கு வழி செய்தார். ஆனால் 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் விட்டுப்போன சொத்தைச் சேர்ந்தவர்கள். கஸ்டிஸ் 1757-ல் உயில் எழுதாமல் இறந்தார். சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு ஆயுள் வரை அனுபவிக்க மட்டும் கிடைத்தது. அவளுக்குப் பிறகு அது கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போக வேண்டும். வாஷிங்டனாலும் அவர்களை விடுவிக்க முடியவில்லை, மார்த்தாவாலும் முடியவில்லை. இரு தரப்பாருக்கும் இடையே கல்யாணங்கள் நடந்து பிள்ளைகள் பிறந்திருந்தன. 1802-ல் மார்த்தா இறந்ததும் அந்தத் தரப்பு ஆட்களை அவளுடைய பேரப்பிள்ளைகள் நான்கு பேருக்குப் பிரித்தார்கள். விடுதலையான தகப்பன் ஒரு பக்கம், அடிமையான மனைவி மக்கள் வேறு வேறு பண்ணைகள் என்று குடும்பங்கள் உடைந்தன. 45 வருடத்துக்கு முன் செத்த ஒருவனின் உயில் எழுதாத சாவு அவர்களைப் பிரித்தது. வாஷிங்டனின் உயிலை மட்டும் படித்தவருக்கு இது பாதிதான் தெரியும்.

சரி, உடைமையாளன் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் ஒரு துப்பு, அவ்வளவுதான். எல்லோரும் கடைசி உடைமையாளன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. முந்தைய உடைமையாளன் பெயரை வைத்தவர்கள் உண்டு, அப்பாவின் பெயரை வைத்தவர்கள் உண்டு, தாங்களே விரும்பி ஒன்றை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1870 கணக்கெடுப்பில் குடும்பம் இருக்கும் பக்கத்தை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் சில பக்கங்கள் போய், நிலம் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் யார் என்று எழுது. விடுதலையானவர்களில் நிறையப் பேர் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கூலிக்கும் வாரத்துக்கும் உழுதார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்றோர் நல அலுவலகம் எழுதிய வேலை ஒப்பந்தங்களைப் பார். விடுதலை பெற்றவர்களுக்காக 1865-ல் தொடங்கி 1874-ல் மூடப்பட்ட ஃப்ரீட்மன் சேமிப்பு வங்கிக்கு வட கரோலைனாவில் கிளைகள் இருந்தன. கணக்குத் தொடங்கியவரின் அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் பெயரை அந்தப் பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள். சிலர் பழைய எஜமானன் பெயரையும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இதைப் பாட்டியம்மாவிடம் நீ கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதில்லை. 1866-ல் வட கரோலைனா ஒரு சட்டம் போட்டது. விடுதலையான தம்பதிகள் கவுண்டி கிளார்க்கிடமோ உள்ளூர் நீதிபதியிடமோ போய், நாங்கள் இத்தனை வருடமாகக் கணவன் மனைவியாக வாழ்கிறோம் என்று பதிந்துகொள்ள வேண்டும் என்றது. ஆட்கள் வரிசையில் வந்து நின்று பதிந்தார்கள். எல்லாக் கவுண்டிகளின் பதிவேடுகளும் மிஞ்சவில்லை, மிஞ்சிய இடத்தில் அவை பொன். பக்கத்து வர்ஜீனியாவில் எழுதிய இதேபோன்ற பதிவேடுகளில் கடைசி உடைமையாளரின் பெயரும் இருக்கிறது. விலைப் பட்டியலில் பார்த்த அதே இரண்டு பெயர்களை, 20 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்று தங்கள் வாயால் சொல்லிப் பதிந்த பக்கத்தில் நீ பார்த்தால், அன்றைக்கு எனக்கு உடனே போன் செய்.

1865-க்குப் பிந்தைய உறைகளையும் விட்டுவிடாதே. விடுதலையானவர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நிலம் வாங்கினார்கள். உயில் எழுதாமல் இறந்தபோது அந்த நிலம் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிக்காத பொதுச் சொத்தாக ஆனது. ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் விலைக்கு வாங்கி, நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்டு, முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்து எடுத்துக்கொண்ட கதைகள் தென் மாநிலங்கள் எங்கும் உண்டு. கறுப்பின விவசாயிகள் நிலம் இழந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த வழக்குக் காகிதங்களில் ஒவ்வொரு வாரிசும் எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுதியிருக்கும். ஃபிலடெல்ஃபியா, நியூவர்க், பால்டிமோர் என்று வடக்கே போய்விட்டவர்களை அங்கே கண்டுபிடிக்கலாம். நிலம் ஒன்று இருந்தது, பிறகு போய்விட்டது என்று பாட்டியம்மா ஒரு வரி சொன்னதாக உன் குறிப்பில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே இதை நான் எழுதுகிறேன்.

நேரில் போகும் நாள் வந்தால் முன்கூட்டியே போன் செய்து, பழைய பதிவுகள் கட்டடத்தில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள். கிளார்க் அலுவலகம் இன்றைக்குச் செத்தவர்களின் சொத்துக்காகவும் ஓடிக்கொண்டிருக்கும் இடம். அவர்கள் உனக்காகத் தேடித் தரமாட்டார்கள். எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள், அதுவே பெரிய உதவி. மரியாதையோடு கேள், கூட்டமில்லாத வேளையில் போ. பென்சில் கொண்டு போ. தாளைப் படம் எடுக்குமுன் உறையின் மேலட்டையையும் புத்தகத்தின் முதுகையும் எடு. தாளின் பின்பக்கத்தையும் எடு, தேதியும் தீர்ப்பும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் கிறுக்கியிருக்கும். எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதாத படத்தை யாரும் நம்பமாட்டார்கள், கொஞ்ச நாளில் நீயே நம்பமாட்டாய். பெயரின் எழுத்துக்கூட்டலைப் பிடித்துத் தொங்காதே. கிளார்க் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்.

ஒரு கவுண்டியில் பழைய பதிவெல்லாம் எரிந்துவிட்டது என்று சொல்வார்கள். உண்மையாகவே எரிந்தவை நிறைய உண்டு. பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பிய வர்ஜீனியக் கவுண்டிகளின் பதிவுகள் 1865 ஏப்ரலில் நகரத்தோடு எரிந்தன. ஆனாலும் பக்கத்துக் கவுண்டியில் நிலம் வைத்திருந்தவனின் உயில் அங்கேயும் பதிவாகியிருக்கும். மேல்முறையீட்டுக்குப் போன வழக்கின் காகிதம் மாநிலத் தலைநகரில் இருக்கும். எரிந்துவிட்டது என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிவிடாதே.

ஒரே பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அதுதான் நம் ஆள் என்று முடிவு செய்யாதே. ஹானா, ஜாக், பெக்கி எல்லாம் பண்ணைக்குப் பண்ணை இருந்த பெயர்கள். தாய், பிள்ளைகள், வயது, இடம் நான்கும் பொருந்தி வரும் பெயர்க் கூட்டம்தான் சாட்சி. இரண்டு வேறு ஆவணங்கள் ஒன்றையே சொல்லும்வரை பென்சிலால் எழுதி வை. தவறான ஒரு தாயை அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது, தாய் தெரியாமல் இருப்பதைவிட மோசம்.

பாட்டியம்மாவுக்கு எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை மாப்பிள்ளையோடு பேசி முடிவு செய். நீ அந்த வீட்டு மருமகள், ஆனால் அந்த வலி உனக்கு வந்து சேர்ந்தது, அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே இருப்பது. விலை எழுதிய தாளை எடுத்துக்கொண்டு நேராகப் போய் நீட்டாதே. முதலில் பெயரைச் சொல். தாள் வேண்டும் என்று அவர் கேட்டால் கொடு. மறைக்காதே, தேன் தடவிச் சொல்லாதே. உடைமையாளன் நல்ல எஜமானன் என்று அந்த ஊர்ப் பழைய புத்தகத்தில் இருந்தால் அதை அவரிடம் கொண்டுபோகாதே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டியல் கிடைத்தால் உங்கள் வீட்டு ஆட்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை அந்த உறையிலேயே விட்டுவிடாதே. முழுப் பட்டியலையும், ஒவ்வொரு பெயரையும், கோப்பின் விவரத்தோடு தட்டச்சு செய்து, அந்தக் கவுண்டி நூலகத்துக்கு ஒரு படி கொடு. அவர்களுடைய பேரன் பேத்திகளும் இதே தேடலில்தான் இருக்கிறார்கள். இந்த வாரமே பாட்டியம்மாவிடம் உட்கார்ந்து, அந்தப் பண்ணைக்கு ஊரில் என்ன பெயர் சொன்னார்கள், எந்த ஓடைக்குப் பக்கத்தில், எந்தத் தேவாலயத்துக்குப் போனார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. உடைமையாளன் பெயரை அங்கிருந்து நாம் சேர்ந்து தேடலாம்.

அன்புடன்,
அத்தை